அழற்சியை அடக்கும் முன் காசநோயைத் தேடுவது ஏன்?

முடக்குவாதம், முதுகெலும்பு மூட்டழற்சி, சொரியாசிஸ், குடலைத் தாக்கும் கிரோன் நோய் ஆகியவற்றுக்காக உயிரியல் மருந்துகள் எனப்படும் புதுவகை ஊசிகளைத் தொடங்கவிருப்போரிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்களுக்கோ, உங்கள் வீட்டில் வேறு எவருக்கோ எப்போதேனும் காசநோய் வந்திருக்கிறதா?" என்பதே அது. அதன்பின் நெஞ்சு எக்ஸ்ரே, கையில் ஒரு சிறு தோல் ஊசி, சிலருக்கு ஓர் இரத்தப் பரிசோதனை என்று தொடர்கிறது. விரல் மூட்டு வீங்கியதற்கும் நுரையீரலுக்கும் என்ன தொடர்பு என்று குடும்பத்தினர் வியப்பது இயல்பே. வலியால் துடிப்பவருக்கு மருந்தைத் தாமதப்படுத்துகிறார்களே என்று வருந்துவோரும் உளர். இதற்கான விடை, நம் உடலின் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையில் அடங்கியுள்ளது.

செல்கள் எழுதும் கடிதங்கள்

நம் வெள்ளையணுக்கள் ஒரு கிருமியைக் கண்டவுடன் சைட்டோகைன்கள் எனப்படும் மிகச் சிறிய புரதங்களை வெளியிடுகின்றன. இவற்றைச் செல்கள் எழுதும் கடிதங்கள் எனலாம். கடிதம் போய்ச் சேர முகவரியும் அஞ்சற்பெட்டியும் வேண்டும் அல்லவா? செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி என்னும் புரதமே அந்த அஞ்சற்பெட்டி. உரிய ஏற்பி உள்ள செல் மட்டுமே அக்கடிதத்தைப் பெற்று, அதில் கண்ட பணியைச் செய்யும்.

ஒரே கடிதம் வெவ்வேறு வீடுகளில் வெவ்வேறு விளைவைத் தருவதுண்டு. இன்டர்லூக்கின்-6 என்னும் சைட்டோகைன் கல்லீரலை அடையும்போது, அங்கு சி.ஆர்.பி. என்னும் புரதம் மிகுதியாக உருவாகிறது. உங்கள் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் நீங்கள் காணும் சி.ஆர்.பி. அளவு இதனையே காட்டுகிறது. அதே சைட்டோகைனின் செய்தி மூளையை எட்டும்போது காய்ச்சல் எழுகிறது. இரத்தக் குழாய்களை எட்டும் வேறு சில செய்திகள் அவற்றை விரிவடையச் செய்கின்றன. அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்கி வலிக்கிறது. இதுவே அழற்சி. கிருமி அழிந்ததும் கடிதங்கள் நின்றுவிட்டால் அழற்சியும் தணியும். காக்கும் தீ தன் வேலை முடிந்தபின் அணைந்துவிடுவது போன்றது அது.

இரு முகம் கொண்ட ஒரு புரதம்

1975இல் நியூயார்க்கில் லாயிட் ஓல்டு என்பவரின் ஆய்வுக் குழுவினர், எலிகளின் புற்றுக்கட்டியை அழுகச் செய்யும் ஒரு பொருளை இரத்தத்தில் கண்டறிந்தனர். கட்டி நசிவுக் காரணி என்று அதற்குப் பெயரிட்டனர். சுருக்கமாக டி.என்.எஃப். நாட்பட்ட நோயில் உடல் உருகி மெலிவதற்குக் காரணமான ஒரு புரதத்தை ப்ரூஸ் பாய்ட்லர், அந்தோணி செராமி ஆகியோர் தனியே ஆராய்ந்து வந்தனர். இரண்டும் ஒரே புரதமே என்பது 1985இல் தெரியவந்தது. கட்டியை அழிக்க உதவும் என்று எண்ணிய பொருளே உடலையும் உருக்குவதாக இருந்தது.

முடக்குவாதத்தில் நிகழ்வதும் இதுதான். கிருமி ஏதும் இல்லாத மூட்டில் டி.என்.எஃப். கடிதங்கள் ஓயாமல் எழுதப்படுகின்றன. மூட்டின் உட்சவ்வு தடிக்கிறது. குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன. லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி ஆகிய இருவரும் இந்த ஒரு கடிதத்தைத் தடுத்தாலே மற்றவை பலவும் அடங்கும் என்று கருதினர். 1992இல் அங்குள்ள சேரிங் கிராஸ் மருத்துவமனையில் முடக்குவாத நோயாளிகளுக்கு டி.என்.எஃப். தடுப்பு மருந்து முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. வீக்கமும் வலியும் விரைவில் குறைந்தன. பல்லாண்டுகளாகப் படுத்த படுக்கையாய் முடங்கும் நிலையிலிருந்து பலரை இன்று காத்துவருவது அந்தத் தொடக்கமே.

இன்று நாங்கள் பரிந்துரைக்கும் மருந்துகள் நான்கு வழிகளில் செயற்படுகின்றன. இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் ஆகியவை டி.என்.எஃப். கடிதத்தை வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. எட்டனர்செப்ட் என்பது இரத்தத்தில் மிதந்து செல்லும் பொய் அஞ்சற்பெட்டி. கடிதங்கள் அதில் விழுந்து வீணாகின்றன. டோசிலிசுமாப், இன்டர்லூக்கின்-6 கடிதத்துக்கான அஞ்சற்பெட்டியின் வாயை அடைத்துவிடுகிறது. டோஃபாசிட்டினிப் முதலிய மாத்திரைகள், பெட்டியில் விழுந்த கடிதம் செல்லுக்குள் படிக்கப்படாதவாறு தடுக்கின்றன.

சுவருக்குள் உறங்கும் கிருமி

இனி காசநோய்க்கு வருவோம். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் உள்ளார். கிருமி உடலுக்குள் சென்ற அனைவருக்கும் நோய் வருவதில்லை. நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் நோயாக வெளிப்படுகிறது. மற்றவர்களின் உடலில் வெள்ளையணுக்கள் கிருமியைச் சூழ்ந்து ஒரு சுவர் எழுப்பி, அதை உள்ளேயே அடைத்து வைக்கின்றன. அவர்களுக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. பிறருக்கு அது பரவுவதுமில்லை. இதனை உறங்குநிலைக் காசநோய் என்கிறோம்.

அந்தச் சுவரைக் கட்டவும் இடியாமல் காக்கவும் செல்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் முதன்மையான கடிதங்களுள் ஒன்று டி.என்.எஃப். அதற்கான ஏற்பி இல்லாமல் பிறந்த எலிகள் காசநோய்க் கிருமி தொற்றியதும் விரைவில் இறந்துபோவதை 1995இல் வெளியான ஆய்வு காட்டியது. மூட்டை அரிக்கும் கடிதமும் காசநோயைச் சிறைவைக்கும் கடிதமும் ஒன்றே. மருந்துக்கு இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரியாது.

இது 2001இல் வெளிப்படையாயிற்று. இன்ஃப்ளிக்சிமாப் பெற்றவர்களில் காசநோய் கண்ட 70 பேரைப் பற்றிய அறிக்கை அவ்வாண்டில் அமெரிக்காவில் வெளியானது. அவர்களில் 48 பேருக்கு மூன்று தவணை அல்லது அதற்கும் குறைவான மருந்து ஏற்றிய நிலையிலேயே நோய் தோன்றியிருந்தது. 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியே வேறு உறுப்புகளில் நோய் இருந்தது. அதன்பின்னரே மருந்துக்கு முன் காசநோய்ப் பரிசோதனை என்பது உலகெங்கும் நடைமுறையானது. எட்டனர்செப்டில் இந்த ஆபத்து சற்றுக் குறைவு என்றாலும் பரிசோதனை எவருக்கும் விலக்கப்படுவதில்லை.

பரிசோதனைகள் கூறுவது

தோலில் போடும் மாண்டூ ஊசியின் தடிப்பை இரண்டு அல்லது மூன்று நாள் கழித்து அளக்கிறோம். ஆகவே குறித்த நாளில் மீண்டும் வருவது இன்றியமையாதது. குழந்தைப் பருவத்தில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியாலும் சிலருக்குத் தடிப்பு எழக்கூடும். ஐ.ஜி.ஆர்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனைக்கு அந்தக் குழப்பம் இல்லை. உங்கள் வெள்ளையணுக்களைக் காசநோய்க் கிருமியின் புரதத்தோடு சேர்த்து வைத்து, அவை இன்டர்ஃபெரான் காமா என்னும் சைட்டோகைனை வெளியிடுகின்றனவா என்று அதில் பார்க்கிறோம். முன்பே அக்கிருமியைச் சந்தித்த செல்கள் உடனே கடிதம் எழுதத் தொடங்கிவிடும்.

உறங்கும் கிருமி உண்டெனத் தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அதனால் உயிரியல் மருந்து உங்களுக்கு மறுக்கப்படுவதுமில்லை. ஐசோனியாசிட் மாத்திரையை ஆறு மாதம் நாள்தோறும், அல்லது ஐசோனியாசிட், ரிஃபாபென்டின் மாத்திரைகளைச் சேர்த்து வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு வாரம் உட்கொள்ளும் தடுப்புச் சிகிச்சை உள்ளது. பொதுவாக அதைத் தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதம் ஆனபின் மூட்டுக்கான ஊசியைத் தொடங்கலாம். அந்த ஒரு மாதம் நீண்டதாகத் தோன்றும் என்பதை அறிவோம். அதுவரை வலியைக் குறைக்க வேறு வழிகளை உங்கள் மருத்துவர் கூறுவார்.

மறைக்காமல் கூறுங்கள்

பரிசோதனைகள் முழுமையானவை அல்ல. நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்பவர்களின் வெள்ளையணுக்கள் சோர்ந்திருக்கும். கிருமி இருந்தும் விடை 'இல்லை' என்று வரலாம். அந்நிலையில் எங்களுக்கு வழிகாட்டுவது நீங்கள் கூறும் வரலாறு மட்டுமே. ஆனால் காசநோயைப் பற்றிப் பேசுவதில் நம் குடும்பங்களில் இன்றும் ஒரு தயக்கம் உண்டு. மகளுக்கு வரன் பார்க்கும் வேளையில் பாட்டனாருக்கு வந்த சயரோகத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எலும்புருக்கி என்று முதியோர் குறிப்பிட்டதும் இந்நோயையே. இது பரம்பரையாக வருவதன்று. ஒரே கூரையின் கீழ் ஒரே காற்றைச் சுவாசித்ததால் பரவுவது. ஆகவே சிறுவயதில் நீங்கள் யாரோடு வாழ்ந்தீர்கள் என்பதே எங்களுக்கு வேண்டிய செய்தி. பிறர் முன்னிலையில் கூற விரும்பாவிடில் தனியே கூறலாம்.

மருந்து தொடங்கிய பின்னரும் கவனம் தேவை. மாலைநேரக் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமின்றி எடை குறைதல், கழுத்தில் கட்டி, வயிறு வீங்குதல், தீராத முதுகுவலி அல்லது தலைவலி ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் அடுத்த தவணை ஊசிக்கு முன்பே எங்களிடம் வாருங்கள். இருமல் இல்லாததால் காசநோய் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். டோசிலிசுமாப் பெறுவோருக்குக் காய்ச்சலும் சி.ஆர்.பி.யும் உயராமலே தொற்று முற்றக்கூடும். சோர்வு மட்டுமே அடையாளமாக இருக்கலாம். வீட்டில் எவருக்கேனும் காசநோய் உறுதியானால் அன்றே தெரிவியுங்கள். கருவுற்ற காலத்தில் இம்மருந்துகளைப் பெற்ற தாய்மார்கள், குழந்தைக்குப் பி.சி.ஜி. போடும் முன் அதனைக் குழந்தை மருத்துவரிடம் கட்டாயம் கூற வேண்டும். அது உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசி ஆதலால், அதைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

எக்காரணம் கொண்டும் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஐயம் எழுந்தால், எந்த ஊசியை எந்த நாளில் பெற்றீர்கள் என்று குறித்த அட்டையுடன் மூட்டுநோய்ப் பிரிவுக்கு வாருங்கள். வேறு ஊரில் வேறு மருத்துவரைக் காண நேர்ந்தாலும் முதலில் அந்த அட்டையையே அவரிடம் காட்டுங்கள்.