ஸ்டீயரிங் சும்மா அதிருதா பாஸ்?

நாலு ஃப்ரெண்ட்ஸ், மாமாகிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கின ஒரு கார், ஃபுல் டேங்க் பெட்ரோல், பை நிறைய முறுக்கு... ஒரு டூருக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

‘பேலன்ஸ்’ வேணும். பேங்க்ல இல்ல மக்களே... வீல்ல!

அந்த ஞானம் எங்களுக்குப் பிறந்த இடம், போதி மரம் இல்லை. கண்ணமங்கலம் கூட்ரோடு பக்கத்துல இருந்த ஒரு பஞ்சர் கடை வேப்பமரம்!

பிளான் ரொம்ப சிம்பிள். காலையில வேலூர்ல கிளம்பி, போளூர் வழியா ஜவ்வாது மலை ஏறி, ஜமுனாமரத்தூர்ல சாப்பிட்டு, அப்படியே காவலூர் வான் ஆய்வு மையத்தை எட்டிப் பார்க்கறது. 1986-ல திறந்து வச்ச, 2.3 மீட்டர் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு டெலஸ்கோப் இருக்கிற இடமாச்சே! லைசென்ஸ் வச்சிருக்கிற ஒரே ஆள்ங்கிற பந்தாவோட நான் டிரைவர் சீட்ல.

பாகாயம் தாண்டுற வரைக்கும் வண்டி தாலாட்டிக்கிட்டேதான் போச்சு. கணியம்பாடி தாண்டினதும் ரோடு காலியா இருக்கேன்னு லேசா அழுத்தினேன். முள் 80-ஐத் தொட்டுச்சோ இல்லையோ, ஸ்டீயரிங்குக்குக் குளிர் ஜுரம் வந்த மாதிரி ஒரு நடுக்கம். என் ரெண்டு கையும் சேர்ந்து டைப் அடிக்குது. பயந்து 60-க்கு வந்தேன்... நடுக்கம் போயே போச்சு. மறுபடி 80... மறுபடி ஜுரம்!

உடனே வண்டிக்குள்ளேயே மருத்துவக் குழு கூடிடுச்சு. “என்ஜின் மவுன்ட்டிங் போச்சுடா மச்சான்”னான் மெக்கானிக்கல் படிக்கிறவன் (அரியர் எத்தனைனு கேட்காதீங்க). “ரோடு சரியில்லடா”ங்கிறது பின்சீட்டு பொறியாளர் தீர்ப்பு. “உனக்குத்தான்டா கை நடுங்குது”னு மூணாவது ஒருத்தன். டீ குடிச்சிட்டு யோசிப்போம்னு கண்ணமங்கலத்துல ஓரம் கட்டினோம். இடது பக்கம் திரும்பினா ஆரணி, நேரா போனா போளூர், திருவண்ணாமலை. வலது பக்கம் தூரத்துல ஜவ்வாது மலை நீலமா நின்னு, ‘வர்றீங்களா, இல்லையா?’னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

மூணே கேள்வி!

டீக்கடைக்குப் பக்கத்துலதான் அந்த பஞ்சர் கடை. கையெல்லாம் கறுப்பா, வாய் நிறைய சிரிப்பா ஒரு அண்ணன். நாங்க வண்டியைச் சுத்திச் சுத்தி வர்றதைப் பார்த்துட்டு அவராவே வந்தார்.

“இன்னா தம்பி, ஸ்டீயரிங் ஆடுதா?”

“எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?”

“நாலு பேரும் முன் சக்கரத்தையே மொறைச்சிக்கினு நிக்கிறீங்களே!”

அடுத்து, டாக்டர் மாதிரி மூணே கேள்வி கேட்டார். ஒண்ணு, “எல்லா ஸ்பீடுலயும் ஆடுதா, குறிப்பிட்ட ஸ்பீடுல மட்டும் ஆடுதா?” ரெண்டு, “ஸ்டீயரிங்ல தெரியுதா, சீட்டுல தெரியுதா?” மூணு, “பிரேக் மிதிச்சா மட்டும் ஆடுதா, சும்மா போறப்பவும் ஆடுதா?”

இந்த மூணு கேள்வியையும் எழுதி வச்சுக்கோங்க. குறிப்பிட்ட ஸ்பீடுல மட்டும் ஆடினா, முதல் சந்தேகம் வீல் பேலன்ஸ் மேல. ஸ்டீயரிங்ல தெரிஞ்சா முன் சக்கரம், சீட்டு அதிர்ந்தா பின் சக்கரமா இருக்க வாய்ப்பு அதிகம். பிரேக் பிடிச்சா மட்டும் ஆடினா அது வேற கேஸ்... பிரேக் டிஸ்க்கைப் பார்க்கணும்.

“சமீபத்துல டயரைக் கழட்டினீங்களா?”ன்னார் அடுத்து. மாமாவுக்கு போன் போட்டோம். “ஆமாடா, போன வாரம் முன்னாடி லெஃப்ட் டயர் பஞ்சர். ஒட்டி மாட்டினாங்க. ஏன், எதையாவது இடிச்சிட்டியா?” (மாமாவுக்கு நம்ம மேல அவ்வளவு நம்பிக்கை!)

அண்ணன் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழட்டினார். ரிம் விளிம்புல துருவுக்கும் தூசிக்கும் நடுவுல, விரல் நீளத்துக்கு ஒரு இடம் மட்டும் பளிச்னு இருந்துச்சு. “இங்க ஒரு வெயிட்டு இருந்திருக்கு. டயரைக் கழட்டி மாட்டுறப்ப எங்கியோ விழுந்திருக்கு. உள்பக்கம் பாருங்க, காஞ்ச சேறு வேற ஒரே இடமா அப்பிக்கினு இருக்குது.” சுரண்டி எடுத்தார். டயர்ல எங்கேயாவது வீக்கம் இருக்கான்னு தடவிப் பார்த்தார். நட்டுகளைச் சரியா முறுக்கினார்.

“நம்ம கடையில பேலன்ஸிங் மெஷின் இல்ல. 50-க்கு மேல போவாம வேலூருக்குத் திரும்பிப் போயி நாலு சக்கரத்தையும் போட்டுப் பாருங்க.”

“மலை மேல 30, 40-லதானேண்ணே போவோம்? அங்க ஆட்டமே தெரியாதே...”

அண்ணன் சிரிக்கலை. “ஆட்டம் தெரியலன்னா நோவு இல்லன்னு அர்த்தமா? நான் கண்ணால பார்த்ததைச் சொல்றேன், மெஷின்ல போட்டாத்தான் முழுசா தெரியும். காரணம் தெரியாத வண்டில நாலு பேரு மலை இறங்காதீங்க. மலை எங்கயும் ஓடிடாது தம்பி.”

மலையைப் பார்த்தோம். முறுக்குப் பையைப் பார்த்தோம். வண்டியைத் திருப்பினோம்.

30 கிராம் எப்படி 3 கிலோ ஆச்சு?

வேலூர்ல ஒரு டயர் கடை. சக்கரத்தை மெஷினோட தண்டுல மாட்டி, நடு ஓட்டைக்கு ஒரு கோன் கொடுத்து இறுக்கினாங்க. மெஷின்ல இருந்து ரிம் எவ்வளவு தூரம், ரிம் அகலம் எவ்வளவு, விட்டம் எவ்வளவு... மூணு அளவு கொடுத்து மூடியை மூடினதும் சக்கரம் விர்ர்ர்னு சில விநாடி சுத்தி நின்னுச்சு. திரையில நம்பர்: வெளிப்பக்கம் 30, உள்பக்கம் 10. அதாவது, வெளிப்பக்கம் 30 கிராம் குறையுது, உள்பக்கம் 10 கிராம் குறையுது.

‘ஒரு டன்னுக்குப் பக்கத்துல வெயிட் இருக்கிற கார்ல வெறும் 30 கிராமா? காமெடி பண்றாங்களா?’னுதான் எனக்கும் தோணுச்சு. பித்தளை நிறத்துல இருக்கே அஞ்சு ரூபாய்க் காசு, அது ஒண்ணு 6 கிராம். அஞ்சு காசு எடைதான் மேட்டர்!

ஆனா ப்ளஸ் டூ ஃபிசிக்ஸை ஒரு நிமிஷம் தூசு தட்டுங்க. சுத்துற பொருளோட விசை, வேகத்தோட இருமடிக்கு ஏத்த மாதிரி எகிறும். வேகம் ரெண்டு மடங்கு ஆனா, விசை நாலு மடங்கு. 13 இன்ச் ரிம் இருக்கிற சின்ன கார்ல, ரிம் விளிம்புல இருக்கிற அந்த 30 கிராம் வித்தியாசம், 40 கிலோமீட்டர் வேகத்துல சுமார் முக்கால் கிலோ எடைக்குச் சமமான விசையோட சக்கரத்தை இழுக்கும். 80-ல அது சுமார் 3 கிலோ. 100-ல கிட்டத்தட்ட 5 கிலோ!

அதுவும் ஒரே திசையில இழுத்தா பரவாயில்லை. 80-ல போறப்ப சக்கரம் விநாடிக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல சுத்துது. மேலே, முன்னே, கீழே, பின்னேனு ஒரு விநாடியில பன்னிரண்டு ரவுண்டு 3 கிலோ சுத்தியலடி!

சரி, ஏன் சரியா 80-ல மட்டும் ஜுரம்? ஊஞ்சல்தான் பதில். சரியான நேரத்துல தள்ளினா, சின்னப் பாப்பா தள்ளினாக்கூட ஊஞ்சல் உச்சத்துக்குப் போகும். கார்ல சக்கரத்தைத் தாங்குற சஸ்பென்ஷனுக்கும் அப்படி ஒரு சொந்தத் தாளம் உண்டு. சக்கரத்தோட தட்டலும் அந்தத் தாளமும் ஒண்ணு சேர்ற வேகத்துலதான் நடுக்கம் உச்சம் தொடும். வேகத்தைக் குறைச்சா தாளம் தப்பிடும், நடுக்கம் மறைஞ்சிடும். மறைஞ்சதுதான், தீர்ந்தது இல்லை! டயர் அங்கங்கே தேயறது, பேரிங்கும் ஸ்டீயரிங் இணைப்புகளும் சீக்கிரம் லூஸாகறதுனு அடி உள்ளுக்குள்ள விழுந்துக்கிட்டேதான் இருக்கும்.

‘புது டயர்னா இந்தப் பிரச்னை இல்லையே?’னு கேட்பீங்க. இருக்கு பாஸ். எந்த டயரும் அச்சு அசலா எல்லாப் பக்கமும் ஒரே எடையில வராது. ரப்பர் பட்டைகளைச் சேர்த்த இணைப்பு ஒரு பக்கம், ரிம்ல காத்து அடிக்கிற வால்வு ஒரு பக்கம். சில புது டயர்ல மஞ்சள் புள்ளி பார்த்திருப்பீங்க. டயரோட லேசான பக்கம் அதுதான். அதை வால்வுக்கு நேரா வச்சு மாட்டினா, குறைஞ்ச வெயிட்டுலயே பேலன்ஸ் வந்துடும்.

பல்லாங்குழி இல்ல, பலே மெஷின்!

சுத்துற பொருளை மெஷின்ல போட்டு பேலன்ஸ் பண்ற வித்தை காருக்காகவே பிறந்தது இல்லை. ஜெர்மனியில ஃப்ரான்ஸ் லவாசெக்ங்கிற பொறியாளர் 1907-ல இதுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த ஊர் டார்ம்ஸ்டாட்ல இருந்த ஷென்க் கம்பெனி அதை மெஷினா வளர்த்துச்சு. டர்பைன், மோட்டார்னு வேகமா சுத்துற எல்லாத்துக்கும் இதே கதைதான். நம்ம வீட்டு மிக்ஸி, வாஷிங் மெஷின் டிரம் ஆட்டம் போடறதும் இதே சொந்தக்காரங்கதான்!

சுத்து வட்டாரமும் சளைச்சது இல்லை. அரக்கோணத்துல எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருக்கு. ரிம் செய்யற வீல்ஸ் இந்தியா 1960-ல சென்னை பாடியில பிறந்தது. டயரும் நம்ம ஊரு, ரிம்மும் நம்ம ஊரு. ரெண்டையும் சேர்த்து வைக்கிற கல்யாணத்துல 30 கிராம் குறைஞ்சாத்தான் சண்டை!

இன்னொரு விஷயம். இந்த வெயிட்டுகளை ரொம்ப காலம் ஈயத்துலதான் செஞ்சாங்க. ரோட்ல விழுந்து, வண்டிகள் ஏறி ஏறிப் பொடியாகி, அந்த விஷம் மண்ணுக்கும் தண்ணிக்கும் போச்சு. அதனால ஐரோப்பிய யூனியன் 2005-ல கார்களுக்கு ஈய வெயிட் கூடாதுனு தடை போட்டுச்சு. இப்ப துத்தநாகம், இரும்பு வெயிட்டுகளும் கிடைக்குது. கடையில கேட்டு வாங்குங்க.

கடைக்குப் போனா கண்ணைத் திறந்து வைங்க!

* ‘அலைன்மென்ட்’ வேற, ‘பேலன்ஸிங்’ வேற. வண்டி ஒரு பக்கமா இழுத்தா, டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ஞ்சா... அலைன்மென்ட். வேகத்துல நடுங்கினா... பேலன்ஸிங். ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு பண்ணிப் பிரயோஜனம் இல்லை.

* மெஷின்ல ஏத்துறதுக்கு முன்னாடி பழைய வெயிட்டை எடுத்தாங்களா, ரிம் உள்ளே சேற்றைச் சுரண்டினாங்களா, தடத்துல மாட்டின கல்லைப் பிடுங்கினாங்களானு பாருங்க. பல கடைகள்ல வெயிட்டுக்குக் கிராம் கணக்குல காசு. சேற்றுக்கும் சேர்த்து ஏன் காசு கொடுக்கணும்?

* வெயிட் அடிச்ச பிறகு இன்னொரு தடவை சுத்தவிடச் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் பூஜ்யம் காட்டினாத்தான் பாஸ் மார்க். வாழ்க்கையில முட்டை வாங்கினா சந்தோஷப்படற ஒரே பரீட்சை இது!

* அலாய் வீலுக்கு உள்பக்கம் ஒட்டுற ரகம், இரும்பு ரிம்முக்கு விளிம்புல சுத்தியலால அடிக்கிற கிளிப் ரகம்.

* ஒரே சக்கரம் அளவுக்கு மீறி வெயிட் கேட்டா, ரிம் நெளிஞ்சிருக்கலாம், டயர் சரியா உட்காராம இருக்கலாம். வெயிட்டை அடுக்கிக்கிட்டே போகாம காரணத்தைத் தேடச் சொல்லுங்க.

* புது டயர் போட்டாலோ, பஞ்சர் ஒட்ட ரிம்ல இருந்து டயரைக் கழட்டினாலோ பேலன்ஸிங் கட்டாயம். மத்தபடி உங்க வண்டி கையேட்டுல போட்டிருக்கிற கிலோமீட்டர் கணக்கைப் பின்பற்றுங்க.

மாமா சொல்லாத ரகசியம்

சாயங்காலம் வண்டியைக் கொண்டு போய் விட்டப்பதான் மாமா வாயைத் திறந்தார். நடுக்கத்தை அவரும் ரெண்டு நாள் முன்னாடியே கவனிச்சிருக்கார். ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினதுக்கு, ஓட்டிக்கூடப் பார்க்காம, சஸ்பென்ஷன் மொத்தமா மாத்தணும்னு ஆயிரக்கணக்குல எஸ்டிமேட் கொடுத்திருக்காங்க. அத்தையை மாசா மாசம் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போறது இந்த வண்டியிலதான். காசும் இல்லாம, ஓட்டவும் பயந்து, இனிமே பஸ்ஸுலயே போயிடலாம்னு முடிவு பண்ணி வச்சிருந்திருக்கார். “நீங்க உள்ளூர்லதான் சுத்துவீங்கன்னு நினைச்சு சொல்லாம விட்டுட்டேன்டா”ன்னவர், திரையில வந்த ரெண்டு பூஜ்யத்தை என் செல்போன் போட்டோவுல ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார்.

எனக்கு உறைச்சது வேற. நாலு பட்டப் படிப்பு சேர்ந்து கண்டுபிடிக்க முடியாததை, அந்த அண்ணன் மூணு கேள்வியில பிடிச்சார். பிடிச்சதோட, ‘என்கிட்ட மெஷின் இல்ல, அங்க போ’னு சொல்ற நேர்மையும் இருந்துச்சு. கார், பைக் மேல கிறுக்கா இருக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு சேதி: ஐ.டி.ஐ-கள்ல மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு ரெண்டு வருஷம்தான். படிப்பு பேரைச் சொல்லித் தருது. காது கொடுத்துக் கேட்கிற பழக்கம் நீங்களா வளர்த்துக்கணும்.

ரெண்டு வாரம் கழிச்சு அதே நாலு பேர், அதே கார், வேற முறுக்கு. 80-ல ஸ்டீயரிங் சாதுவா இருந்துச்சு. மலை, அண்ணன் சொன்ன மாதிரியே எங்கேயும் ஓடாம அங்கேயே இருந்துச்சு. திரும்பி வர்றப்ப ஜமுனாமரத்தூர்ல வாங்கின ஒரு பாட்டில் மலைத்தேனோட கண்ணமங்கலத்துல இறங்கினோம்.

டியூபைத் தண்ணியில முக்கி, குமிழ் வர்ற இடத்தைப் பார்த்துக்கிட்டே அண்ணன் நிமிராம கேட்டார்:

“இன்னா தம்பி, ஆட்டம் நின்னுச்சா?”