பாலைவனத்தில் படித்த டம்ளர் கணக்கு!

‘பி.எஸ்ஸி விவசாயம் படிக்கும் என் மகனுக்கு இஸ்ரேலில் பண்ணைப் பயிற்சிக்கு இடம் கிடைக்கும் என்கிறார்கள். கடன் வாங்கித்தான் அனுப்ப வேண்டும். அனுப்பலாமா?’

நமது கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் இது. இரண்டு வரியில் பதில் எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. 2018-ம் ஆண்டில் இதே கேள்வியை ஒரு விவசாயி என் அலுவலகத்துக்கே வந்து கேட்டார். திண்டுக்கல் மாவட்டத்துக்காரர். 3 ஏக்கர் நிலம், ஒரு போர்வெல், முருங்கையும் மிளகாயும்தான் வெள்ளாமை.

“அங்க போயி காய் பறிக்கிற வேலைதான் குடுப்பாங்களாம் சார். அதுக்கா இவனைப் படிக்க வெச்சேன்?” என்றார்.

“காய் பறிக்கட்டும். கூடவே அவங்க எப்படித் தண்ணி கட்டுறாங்கன்னு பார்த்துட்டு வரட்டும்” என்றேன். வீட்டம்மாவின் சங்கிலியை அடகு வைத்து மகனை அனுப்பினார். அந்தத் தம்பி திரும்பி வந்து சொன்னதையும் செய்ததையும் இங்கே எழுதுகிறேன்.

50 மில்லிமீட்டர் மழையில் குடமிளகாய்

சாக்கடலுக்கும் செங்கடலுக்கும் இடையே கிடக்கும் பாலைநிலம் அராவா. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 50 மில்லிமீட்டரைத் தொடுவதே அபூர்வம். நம் தமிழ்நாட்டின் சராசரி 900 மில்லிமீட்டருக்கு மேல். அங்கே கிணற்றுத் தண்ணீரும் உப்புச் சுவைதான். அதை வைத்துக்கொண்டே வலைக்குடிலில் குடமிளகாயும் திறந்தவெளியில் பேரீச்சையும் விளைவித்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள்.

தம்பி தங்கியது ‘மோஷாவ்’ என்னும் கூட்டுறவுக் கிராமத்தில். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பண்ணை உண்டு. இடுபொருள் வாங்குவது, விளைச்சலை விற்பது போன்றவற்றில் ஊரே கூட்டாக நிற்கும். வாரத்தில் ஐந்து நாள் பண்ணை வேலை, ஒரு நாள் வகுப்பு, சனிக்கிழமை ஓய்வு. ஞாயிறன்று விடிந்தால் மறுபடியும் வேலை. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதால் இருட்டிலேயே வயலுக்குக் கிளம்பிவிடுவார்களாம்.

“முதல் மாசம் முதுகு நிமிரல சார். ஒரே அறையில நேபாளம், வியட்நாம் பசங்களோட தங்கல். சோத்துக்கு ரசம் இல்லாம தூக்கமே வரல. ஏன்டா வந்தோம்னு அழுதிருக்கேன்” என்றான். சம்பளம் உண்டு. ஆனால் படிப்புக் கட்டணம், வாடகை, காப்பீடு எல்லாம் அதில்தான் கழியும். மிச்சத்தை அனுப்பி ஏழாவது மாதத்தில் சங்கிலியை மீட்டான். கை நிறையக் காசோடு அவன் திரும்பவில்லை.

அப்பாவின் தோட்டத்தில் ஒரு சோதனை

வந்த மறுவாரம் அவர்கள் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அரசின் சொட்டுநீர்த் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 5 ஏக்கர் வரை 100 சதவிகித மானியம். அப்படிப் போட்ட குழாய்கள்தான் அங்கேயும் கிடந்தன. பாதியைச் சுருட்டி வரப்பில் போட்டுவிட்டு, மறுபடியும் வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார் அப்பா. “சொட்டுநீர் நம்ம மண்ணுக்குச் சரிவராது சார்” என்பது அவர் கட்சி.

தம்பி பதிலே பேசவில்லை. வடிகட்டியைத் திறந்தான். உள்ளே களிம்பு போலச் சேறு. வீட்டிலிருந்து அளவு போட்ட டம்ளர் ஒன்றை எடுத்து வந்து, சொட்டுவான்களுக்கு அடியில் ஒவ்வொரு நிமிடம் பிடித்தான். மணிக்கு 4 லிட்டர் தரும் சொட்டுவான் நிமிடத்துக்குச் சுமார் 66 மி.லி தர வேண்டும். முதலாவதில் 60 வந்தது. நடுவில் 25. கடைசி மரத்தில் ஒன்றுமே இல்லை.

“அங்க தினமும் காலையில இதைத்தான் முதல்ல பார்ப்பாங்கப்பா. எவ்வளவு தண்ணி போச்சுன்னு நோட்டுல எழுதாம யாரும் வீட்டுக்குப் போகமாட்டாங்க” என்றான். அப்பா அந்தக் கடைசி மரத்தடியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

எனக்கும் சுருக்கென்றது. எத்தனையோ பேருக்கு மானியக் கோப்பில் கையெழுத்துப் போட்டவன் நான். ஆறு மாதம் கழித்து எத்தனை தோட்டத்தில் வடிகட்டியைத் திறந்து பார்த்தேன்?

நீங்களும் செய்யலாம்

* வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தமானிகளைப் பாருங்கள். வித்தியாசம் 0.5 கிலோவைத் தாண்டினால் உடனே கழுவுங்கள்.
* வாரம் ஒருமுறை பக்கவாட்டுக் குழாய்களின் கடைசி முனையைத் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓட விடுங்கள்.
* மாதம் ஒருமுறை முதல், நடு, கடைசி மரங்களில் டம்ளர் சோதனை செய்து நோட்டில் எழுதுங்கள்.
* உப்பு படிந்து அடைத்திருந்தால் அமிலம் விட வேண்டியிருக்கும். அளவைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

சரி, அனுப்பலாமா?

இன்று இந்தக் கேள்விக்கு 2018-ல் சொன்னது போல உடனே தலையாட்ட என்னால் முடியாது. 2023 அக்டோபர் 7 அன்று, காஸா எல்லையை ஒட்டிய பண்ணையில் பயிற்சியில் இருந்த நேபாள விவசாய மாணவர்கள் 10 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஆகவே, எந்த நாடாக இருந்தாலும் முதலில் நமது வெளியுறவுத் துறையின் எச்சரிக்கை அறிவிப்பைப் பாருங்கள். போர்ப் பதற்றம் இருந்தால் தள்ளிப் போடுங்கள். படிப்பு காத்திருக்கும்.

இடம் கல்லூரி வழியாக வந்ததா என்று உறுதிசெய்யுங்கள். எத்தனை மணி நேர வேலை, என்ன சம்பளம், என்னென்ன பிடித்தம், காப்பீடு உண்டா என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். அசல் சான்றிதழை எந்த ஏஜென்ட்டிடமும் கொடுக்காதீர்கள். நிலத்தை அடமானம் வைத்து அனுப்பாதீர்கள். பத்து மாதச் சம்பளத்தில் நிலத்தை மீட்க முடியாமல் போகலாம்.

அந்தத் தம்பி இப்போது ஒரு சொட்டுநீர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். வரப்பில் சுருட்டிக் கிடந்த குழாய்கள் திரும்பவும் முருங்கைக்குள் போய்விட்டன. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது அப்பா என்னிடம் நோட்டை நீட்டினார். கடைசி மரம், 62 மி.லி. அவர் கையெழுத்து.