இறங்கியதும் மறந்துபோன சுமை

“மனச்சுமை எவ்வளவு? ஒன்று முதல் ஐந்து வரை சொல்லுங்கள்.”

இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை காதில் ஒலித்த இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே விமானம் ஓட்டினேன். நிஜ விமானம் அல்ல. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உள்ள பாவனை விமானி அறை. இறுதியாண்டு அக்கா ஒருவரின் ஆய்வுக்கு நான் தொண்டூழியர்.

நெஞ்சில் கட்டிய பட்டை இதயத் துடிப்பைப் பதிவுசெய்தது. உயரத்தில் சீராகப் பறந்தபோது “இரண்டு” என்றேன். பக்கக்காற்று வீசத் தொடங்கியதும் “நான்கு”. ஒருவழியாகத் தரையிறக்கிவிட்டேன்.

பிறகு ‘நாசா டிஎல்எக்ஸ்’ படிவத்தை நீட்டினார் அக்கா. சாண்ட்ரா ஹார்ட்டும் லோவல் ஸ்டேவ்லேண்டும் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இது. மூளை உழைப்பு, உடல் உழைப்பு, நேர நெருக்கடி, செயல்திறன், முயற்சி, எரிச்சல் என ஆறு அம்சங்களை நாமே மதிப்பிட வேண்டும். மூளை உழைப்புக்கு 100க்கு 40 போட்டேன். “பெரிய சிரமம் இல்லை அக்கா.”

அவர் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். ஓடுபாதையை நெருங்கிய கட்டத்தில் கேள்வி இருமுறை ஒலித்திருக்கிறது. நான் வாயே திறக்கவில்லை. கேள்வி காதில் விழுந்ததாகவே நினைவில்லை!

“பதில் வராததும் ஒரு பதில்தான். அதற்குமேல் எதையும் கவனிக்க உன்னால் முடியவில்லை,” என்றார் அக்கா.

இது வெறும் ஆய்வுக்கூட விளையாட்டல்ல. 1972 டிசம்பர் 29ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் மயாமி நகரை நெருங்கிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானத்தில், முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. விமானி அறையில் இருந்தவர்களின் கவனம் முழுவதும் அந்த விளக்கில். தானியங்கிக் கட்டுப்பாடு விலகி விமானம் மெல்லத் தாழ்ந்தது. உயரம் குறைவதாக எச்சரிக்கை மணி ஒலித்தும் யாரும் கவனிக்கவில்லை. விமானம் சதுப்புநிலத்தில் விழுந்து 100 பேருக்குமேல் மாண்டனர்.

‘சமாளித்துவிட்டேன்’ என்பதும் ‘சுமை இல்லை’ என்பதும் ஒன்றல்ல. நல்லபடியாக இறங்கிய நிம்மதியில், பட்ட பாட்டை மனம் குறைத்துச் சொல்லிவிடுகிறது. இதயத் துடிப்பை மட்டும் நம்பவும் முடியாது. பயந்தாலும் அது எகிறும். அதனால்தான் பறக்கும்போதும் அளக்கிறார்கள், இறங்கிய பிறகும் கேட்கிறார்கள், இரண்டையும் ஒப்பிடுகிறார்கள்.

“அந்த 40ஐத் திருத்தட்டுமா அக்கா?” என்று கேட்டேன்.

“வேண்டாம். உன் 40ம் தேவை, உன் மௌனமும் தேவை,” என்று படிவத்தை வாங்கிக்கொண்டார்.