ஒரு பக்கம், ஒரு பாட்டு

பேச்சும் பாட்டும் நடனமும் கலந்த மெல்லிசை நாடகம் ஓபரெட்டா. ஃப்ரான்ஸ் லெஹார் இசையமைத்த ‘புன்னகையின் நாடு’ 1929 அக்டோபர் 10 அன்று பெர்லின் மெட்ரோபோல் அரங்கில் மேடையேறியது. சீன இளவரசனாக நடித்த ரிச்சர்ட் டௌபர் அதில் பாடிய காதல் பாட்டு, ஓடியன் நிறுவனத்தின் இசைத்தட்டில் பதிவாகி வீடுதோறும் போய்ச் சேர்ந்தது.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்றரை நிமிடமே அடங்கும். முழு நாடகத்துக்கு அது போதாது. ஒரு பாட்டுக்குப் போதும். 1925-க்கு முன் பாடகர்கள் தகரக் கூம்புக்குள் உரக்கப் பாட வேண்டியிருந்தது. மைக் வந்தபின் மெல்லிய குரலும் பதிவானது. டௌபரின் மேன்மை அங்கேதான் இருக்கிறது. மேல் ஸ்தாயியில் குரலைச் சட்டெனத் தணித்து, சுருதி பிசகாமல் நிறுத்துவார். இன்றும் இந்தத் தட்டைத் தேடிக் கேட்க வைப்பது அந்த ஓரிடம் என்பேன்.

டௌபரின் தந்தை யூத வம்சாவளியினர். 1933-இல் பெர்லினில் நாஜிகளின் தாக்குதலுக்கு ஆளாகி ஜெர்மனியை விட்டு வெளியேறிய டௌபர், 1948-இல் லண்டனில் காலமானார். பாடல் வரிகளை எழுதிய இருவரில் ஒருவரான ஃப்ரிட்ஸ் லோனர்-பேடா 1942-இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் உயிரிழந்தார். நாஜி ஆட்சியில் லெஹாரின் நாடகங்கள் தொடர்ந்து நடந்தன. யூத எழுத்தாளர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன.

இந்தப் பாட்டைக் கேட்கும்போது பாடியவரோடு எழுதியவரின் பெயரையும் நினைவில் வையுங்கள்.