கல்லைக் காப்பவரும் கணக்கைக் காப்பவரும்

பெங்களூருக்குத் தமிழ் எப்போது வந்தது என்று கேட்டால், தண்டுப் பகுதியில் வெள்ளைக்காரன் படையை இறக்கிய காலத்தைத்தான் பலரும் சொல்வார்கள். கற்கள் சொல்வது வேறு. மடிவாளா சோமேசுவரர் கோயிலில் உள்ள 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் குறிப்பிடுகிறது. தொம்மலூர் சொக்கநாதர் கோயில் தமிழ்க் கல்வெட்டில் அவ்வூருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்று பெயர். பட்டணம் என்றாலே வாணிக ஊர்தான். பீன்யாவில் கடையும் பட்டறையும் வைத்துப் பிழைக்கிற நமக்கு இது இனிக்கிற செய்தி அல்லவா?

இக்கற்களைத் திரட்டி அச்சேற்றியவர் பி.எல். ரைஸ் என்ற ஆங்கிலேயர். பெங்களூரிலேயே பிறந்தவர். அவருடைய 'எபிகிராஃபியா கர்நாடிகா' வரிசையில் பெங்களூர் மாவட்டத் தொகுதி 1905-இல் வெளிவந்தது. அதில் கண்ட கற்கள் பல இன்று இடத்தில் இல்லை. வீடு கட்டவும் சாலை போடவும் பெயர்த்தவை போனவைதான். புத்தகத்தில் படி மட்டும் மிச்சம்.

"நூறு வருஷம் ஆன பொருளை அரசாங்கம் காப்பாற்றாதா?" என்று நம்மவர் கேட்பதுண்டு. மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நூறாண்டு என்பது தகுதி மட்டுமே. அரசு தனியே அறிவிக்கை வெளியிட்டால்தான் அது பாதுகாக்கப்பட்ட சின்னமாகும். பட்டியலில் ஏறாத கல்லுக்கு ஊர் மக்களும் அறக்கட்டளைகளும்தான் நாதி.

இப்பணியில் இரண்டு வகைத் தொழில் உண்டு.

முதல் வகையினர் கல்லைத் தொடுபவர்கள். கல்வெட்டாய்வாளர் ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றிப் படி எடுத்து வாசிப்பார். மரபுக் கட்டடங்களைச் சீர்செய்யும் பொறியாளர், பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசவிட மாட்டார். ஏனென்றால் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கும். உப்புப் பூத்துச் சுவர் உதிரும். மணலை வேகமாக அடித்துக் கோயில் சுவரைச் சுத்தம் செய்தால் அழுக்கோடு எழுத்தும் போய்விடும். நல்லெண்ணம் மட்டும் இருந்து கைத்தொழில் அறிவு இல்லாவிட்டால் இப்படித்தான் நேரும்.

இரண்டாம் வகையினர் கல்லைத் தொடாதவர்கள். அறக்கட்டளை நடத்துபவர்கள். நிலத்துக்காரரிடம் பேசிச் சம்மதம் வாங்குவது, துறை அனுமதி பெறுவது, நிதி திரட்டுவது, தணிக்கைக் கணக்கு காட்டுவது, பத்து வருஷம் கழித்தும் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் இவர்கள் வேலை. வியாபாரி பாஷையில் சொன்னால் முன்னவர் சரக்கு, பின்னவர் கணக்கு. ஒன்றில்லாமல் மற்றது ஓடாது.

உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட வரலாறு எங்கள் சமணக் குடும்பங்களில் பெருமையாகச் சொல்லப்படும். ஏடு கொடுத்தவர்கள் ஒருபுறம், பொருள் விளக்கிய கும்பகோணத்துச் சமணர்கள் ஒருபுறம், முன்பணம் கட்டிக் கையொப்பமிட்ட அன்பர்கள் ஒருபுறம். மூவகையாரும் சேர்ந்ததால்தான் புலவர் உழைப்பு புத்தகமானது.

நம்மூரிலும் சான்று உண்டு. ஹெப்பாளத்தில் 2018-இல் கவனத்துக்கு வந்த கன்னட நடுகல் சுமார் கி.பி. 750-ஐச் சேர்ந்தது. ஆர்வலர்களும் ஊராரும் முயன்றதால் அதற்கு மண்டபம் அமைந்தது. 1909-இல் தோன்றிய மிதிக் சொசைட்டி 2021 முதல் பெங்களூர்ப் பகுதிக் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேனரில் பதிவு செய்து வருகிறது. கண்ணுக்குத் தெரியாத தேய்ந்த எழுத்தும் அதில் துலங்கும். கன்னடக் கல், தமிழ்க் கல் என்ற பேதம் அங்கே இல்லை. நமக்கும் அது வேண்டாம்.

நன்கொடை கேட்டால் நம்மவர் கைநிறையக் கொடுப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் மண்டபத்துக்கும் பெயர்ப் பலகைக்கும் கொடுக்கிற கை, கல் படிக்கிறவர் சம்பளத்துக்கு நீளுவதில்லை. "தர்ம காரியத்துக்குச் சம்பளமா?" என்கிறோம். அவருக்கும் வீட்டு வாடகை உண்டு, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் உண்டு. அதனால்தான் படித்த பிள்ளைகள் இத்தொழிலுக்கு வரத் தயங்குகிறார்கள். ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்று சமணர் சொல்லும் நான்கு தானங்களில் கல்வெட்டு வாசிப்பவரைப் போஷிப்பது சாஸ்திர தானமே.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் துறை இருக்கிறது. தில்லி திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளியில் கட்டடப் பாதுகாப்புக்கு முதுகலைப் படிப்பு இருக்கிறது. பிள்ளைகளில் ஒருவருக்கு ஆசையிருந்தால் தடுக்காதீர்கள். அஸ்திவாரம் தோண்டும்போது எழுத்துள்ள கல் தென்பட்டால், சுண்ணாம்பு பூசாமல், உளி வைக்காமல், நகர்த்தாமல், முதலில் படம் பிடித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். அந்த ஒரு கல்லில் நம் முன்னோர் ஒருவரின் பெயர் இருக்கலாம்.