வெள்ளரிக்காய் மணக்கும் சவுக்காரம்

குளித்துவிட்டு வரும் உங்களைப் பார்த்து, "என்ன இது, நாசி லெமாக் பொட்டலம் பிரித்த வாசம் வருகிறதே!" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டால் எப்படி இருக்கும்? எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. அன்று நான் தேய்த்துக் குளித்தது வெள்ளரிக்காய் மணக்கும் சவுக்காரம்!

சந்தனம், மல்லிகை, எலுமிச்சை என்றால் நமக்குப் பழக்கம். காய்கறி வாசத்திலுமா சவுக்காரம் என்று கேட்பீர்கள். செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் என் தங்கையின் மகள்தான் அதைக் கொடுத்தாள். படிவம் நான்கில் படிக்கிற பிள்ளை. கைச்செலவுக்குக் கொடுத்த காசைச் சேர்த்து வைத்து, பசார் மாலாமில் 24 வெள்ளிக்கு இரண்டு கட்டிகள் வாங்கியிருக்கிறாள்.

"பெரியம்மா, வெயில் கறுப்பெல்லாம் போயிடுமாம். அம்மா கை வெடிப்பும் ஆறிடுமாம். இயற்கைச் சவுக்காரமாம். கடைக்காரர் சொன்னார்" என்றாள்.

என் தங்கை உதிரிப் பழம் பொறுக்குகிறவள். சில நாளில் உரம் போடவும் போவாள். அவள் விரல் இடுக்குகளைப் பார்த்தால் மனம் பொறுக்காது. தாயின் கைக்காகவும் தன் முகத்துக்காகவும் அந்தப் பிள்ளை கொடுத்த காசு அது. ஆகவே ஒரு கட்டியை நான் எடுத்துக்கொண்டேன். மற்றதைத் தாயும் மகளும் வைத்துக்கொண்டார்கள். மூன்று வாரம் போட்டுப் பார்ப்பது என்று பேச்சு.

மூன்று வாரத்தில் என்ன நடந்தது?

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இளம்பச்சை நிறம். நுரை நன்றாகவே வந்தது. வேலை முடிந்து வியர்வையோடு வந்து குளிக்கும்போது அந்த வாசம் குளிர்ச்சியாக இருந்தது. ஆனால் உடம்பைத் துவட்டி முடிப்பதற்குள் வாசம் பாதி போய்விட்டது. ஈரத்தில் வைத்த கட்டி சீக்கிரம் குழைந்தும் போனது. பிள்ளையின் நிறம் கொஞ்சமும் மாறவில்லை. தங்கையின் கை வெடிப்பு ஆறவில்லை, எரிச்சல்தான் கூடியது.

ஏன் இப்படி?

வெள்ளரிக்காயில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு தண்ணீர். முழுக் காயை முகர்ந்து பாருங்கள், வாசம் அவ்வளவாகத் தெரியாது. கத்தி பட்டுச் சதை நசுங்கிய பிறகுதான் அந்த வாசமே உண்டாகிறது; காற்றில் சீக்கிரம் பறந்தும் விடுகிறது. அப்படிப்பட்ட வாசம் மாதக்கணக்கில் ஒரு கட்டியில் தங்கி இருக்கிறது என்றால், அது பெரும்பாலும் தனியாகச் சேர்த்த வாசனைப் பொருள்தான். அட்டையின் பின்பக்கம் "பர்ஃபம்" அல்லது "ஃபிராக்ரன்ஸ்" என்று போட்டிருப்பார்கள். சிலருடைய தோலுக்கு அது அரிப்பைத் தரும்.

அப்படியானால் கட்டியில் மற்றது என்ன? அதே அட்டையில் "சோடியம் பால்மேட்", "சோடியம் பாம் கெர்னலேட்" என்று இருந்தது. சகோதரிகளே, அது வேறொன்றுமில்லை, நமது செம்பனைதான்! பழத்தின் சதையிலிருந்து ஓர் எண்ணெய், உள்ளே இருக்கும் பருப்பிலிருந்து இன்னோர் எண்ணெய். இவற்றோடு காஸ்டிக் சோடா கலந்தால் சவுக்காரமும் கிளிசரினும் உண்டாகின்றன. நுரை பொங்குவது முக்கியமாகப் பருப்பு எண்ணெயால். அது குணத்தில் தேங்காய் எண்ணெயை ஒத்தது. இந்த நாட்டில் வியாபாரத்துக்கென்று முதன்முதலில் செம்பனை நட்டது 1917-இல், சிலாங்கூரில் உள்ள தென்னமாரம் தோட்டத்தில். அந்தப் பெயரே நம் காதுக்குத் தமிழாக ஒலிக்கிறது அல்லவா?

இப்படிச் செய்த எந்தச் சவுக்காரத்துக்கும் காரத்தன்மை உண்டு. நமது தோலோ இலேசான புளிப்புத்தன்மை கொண்டது. அதனால்தான் வெடித்த கையில் அடிக்கடி போட்டால் எரிகிறது. "இயற்கை" என்று எழுதிவிட்டால் இந்தக் குணம் மாறிவிடாது.

இதை மனத்தில் வையுங்கள்

கறுப்பு என்பது அழுக்கல்ல, தேய்த்துக் கழுவுவதற்கு. நிறம் தோலுக்குள்ளே இருப்பது. ஒரு நிமிடம் தேய்த்துக் கழுவிவிடும் நுரை அதை மாற்றாது. வெளுக்க வைக்கும் என்று விற்கும் களிம்புகளில் இன்னும் பெரிய ஆபத்து உண்டு. சிலவற்றில் பாதரசம் கலந்திருந்தது பிடிபட்டிருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மலேசியாவில் விற்கும் அழகுப் பொருள்களைச் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவில் பதிந்திருக்க வேண்டும். பதிந்த பொருளுக்கு "என்.ஓ.டி." என்ற எழுத்துகளில் தொடங்கும் எண் ஒன்று உண்டு. வாங்குமுன் அதைக் கேளுங்கள்.

களைக்கொல்லி மருந்து அடித்தாலோ உரம் போட்டாலோ, வீட்டுக்கு வரும்வரை காத்திராமல் உடனே நிறையத் தண்ணீர் விட்டுச் சாதாரணச் சவுக்காரத்தால் கையைக் கழுவுங்கள். வேலை உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். வாசம் கூடிய சவுக்காரம் கூடுதலாகச் சுத்தம் செய்யாது.

கை வெடிப்புக்கு, கழுவியதும் ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெயோ வாசம் இல்லாத வாசலினோ தடவுங்கள். வேலைக்குக் கையுறை போடுங்கள். ஆறவில்லையென்றால் கிளினிக்கில் காட்டுங்கள். வாசச் சவுக்காரம் ஆசைக்கு வாங்கினால், நான்காக வெட்டி, ஒரு துண்டை மட்டும் தண்ணீர் வடியும் தட்டில் வைத்துப் பாவியுங்கள்; நாள் கூட வரும்.

மூன்று வாரம் கழித்துத் தங்கை வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. "காசு வீணாப் போச்சா, பெரியம்மா?" என்றாள்.

"வீணில்லை அம்மா. குளிக்க நல்ல சவுக்காரம். மருந்து என்று சொன்னதுதான் பொய்" என்றேன்.

என் தங்கை அந்தக் கட்டியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தாள். "தினம் நான் பொறுக்குற பழமா அக்கா இதுல இருக்கு? நம்ம பொருளுக்குக் காய் வாசம் போட்டு நமக்கே 12 வெள்ளிக்கு வித்துட்டானே!" என்று சிரித்தாள். மகளும் சிரித்துவிட்டாள். இப்போது அவள் எதை வாங்கினாலும் முதலில் அட்டையின் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறாளாம். நீங்களும் பாருங்கள், சகோதரிகளே!