பயிற்றுநரும் இனமும்

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங், மூவார், பத்து பகாட் போன்ற ஊர்களை மாலை வேளையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், எந்த இனத்தார் எந்த விளையாட்டை ஆடுகிறார்கள் என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்ளலாம். சீனப் பள்ளிகளின் முற்றத்தில் கூடைப்பந்து வளையங்கள் நிற்கும். மலாய்க் கம்பங்களில் செப்பாக் தக்ராவ் வலை கட்டியிருக்கும். தோட்டப்புறத் திடல்களில் காற்பந்து உருண்டோடும். நம் பிள்ளைகள் பல தலைமுறையாக வெறுங்காலோடு ஆடிப் பழகியது அந்தத் திடல்களில்தான். இப்படித்தான் ஆட வேண்டும் என்று எவரும் சட்டம் போடவில்லை. குடியிருந்த இடமும் படித்த பள்ளியும் அப்படி வகுத்துவிட்டன. ஆனால், நேயர்களே, இந்த வழக்கத்தோடு ஒரு நினைப்பும் வந்து ஒட்டிக்கொள்கிறது. இன்ன இனத்தார் ஓடி ஆடத் தகுந்தவர், இன்ன இனத்தார் அவர்களை நடத்திச் செல்லத் தகுந்தவர் என்பதே அந்த நினைப்பு. அதைப் பற்றியே இன்று சற்று விரிவாகப் பேச இருக்கிறோம்.

ஆட்டக்காரரின் இனத்தை மக்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். எழுபதுகளின் தேசியக் காற்பந்துக் குழுவை நினைத்துப் பாருங்கள். மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங், எம். சந்திரன், இலக்குக் காவலர் ஆர். ஆறுமுகம் என்று அந்தப் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லுவார்கள். ஆறுமுகம் பந்தைத் தாவிப் பிடிக்கும்போது அவர் எந்த இனம் என்று அரங்கில் எவரும் கேட்டதில்லை. அவரை 'ஸ்பைடர்மேன்' என்றே அழைத்தனர். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் அவர் இறந்தபோது நாடே வருந்தியது. அந்தக் காலத்தை நினைவூட்டி 2016இல் 'ஓலா போலா' என்ற திரைப்படம் வெளிவந்தது. அதில் இலக்குக் காவலராக வரும் பாத்திரம் முத்து என்ற தமிழர். குழுத் தலைவர் சீனர். மலாய்க்காரரும் உண்டு. எல்லா இனத்தையும் பொருத்தமாகச் சேர்த்துக் கொடுத்த படம் அது. ஆனால் பயிற்றுநராக அதில் வருபவர் ஒரு வெள்ளைக்காரர்! அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் நம் மனத்தில் பயிற்றுநர் என்றதும் தோன்றும் உருவம் எது என்பதை அது காட்டுகிறது.

ஆட்டக்காரரிடம் மக்கள் காண்பது உடல் வலிமையை. அதைக் கண்ணால் பார்த்துவிடலாம், மறுக்க முடியாது. பயிற்றுநரிடம் எதிர்பார்ப்பதோ அறிவு, திட்டம், அதிகாரம் ஆகியவை. இவை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே கேட்பவரின் மனத்தில் முன்பே இருக்கும் எண்ணம் அங்கே புகுந்து விளையாடுகிறது.

இந்த வேறுபாட்டை அமெரிக்காவின் கல்லூரிக் கூடைப்பந்தில் மிகத் தெளிவாகக் காணலாம். அங்கே பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டி நம் மலேசியக் கிண்ணத்தைப் போல் மக்களைக் கட்டிப்போடும். ஆட்டக்காரர்கள் நான்கு ஆண்டுகளில் படித்து முடித்துப் போய்விடுவார்கள். பயிற்றுநர் இருபது முப்பது ஆண்டுகள் இருப்பார். ஆதலால் குழுவின் முகம் பயிற்றுநரின் முகம்தான். எழுபதுகளில் ஆட்டக்காரர்களில் கறுப்பினத்தார் நிறைந்திருந்தார்கள். புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களின் பயிற்றுநர்களில் அவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

1972இல் வாஷிங்டன் நகரிலுள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் ஜான் தாம்சன் என்ற கறுப்பினத்தவரைப் பயிற்றுநராக அமர்த்தியது. அதற்கு முந்திய பருவத்தில் அந்தக் குழு மூன்றே ஆட்டங்களில் வென்று 23 ஆட்டங்களில் தோற்றிருந்தது. கத்தோலிக்கப் பாதிரிமார் நடத்தும் பல்கலைக்கழகம் அது. மாணவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். தாம்சன் ஆறடி பத்து அங்குல உயரமுள்ளவர். தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு கிடக்கும். 1975இல் குழு தொடர்ந்து சில ஆட்டங்களில் தோற்றபோது, சொந்த அரங்கிலேயே அவருடைய இனத்தை இழிசொல்லால் குறித்து, அவர் போக வேண்டும் என்று எழுதிய பதாகையைத் தொங்கவிட்டார்கள். கவனியுங்கள்: தோற்றது குழு, பதாகையில் எழுதப்பட்டது அவருடைய இனம்.

வெற்றி வந்த பிறகாவது பேச்சு மாறியதா? மாறியது, ஆனால் நிற்கவில்லை. தாம்சன் தம் மாணவர்களைப் பத்திரிகையாளர்கள் எளிதில் நெருங்க விடமாட்டார். பயிற்சியைக் கதவை மூடிக்கொண்டு நடத்துவார். குழு முரட்டுத்தனமாக ஆடுகிறது என்றும், அவர் அச்சுறுத்தும் மனிதர் என்றும், வேண்டுமென்றே கறுப்பின மாணவர்களையே சேர்க்கிறார் என்றும் எழுதினார்கள். வெள்ளையர் மட்டுமே ஆடிய குழுக்கள் பல்லாண்டுகள் இருந்தபோது அந்தக் கேள்வி எழவில்லை. அதே காலத்தில் இண்டியானா பல்கலைக்கழகத்தின் வெள்ளையினப் பயிற்றுநர் பாப் நைட், 1985இல் ஆட்டத்தின் நடுவே நாற்காலியைத் தூக்கி ஆடுகளத்தில் எறிந்தார். அவரையும் கண்டித்தார்கள்தான். ஆனால் அது அவருடைய கோபமாகவே எண்ணப்பட்டது. எந்த இனத்தின் கோபமாகவும் எண்ணப்படவில்லை.

கதவை மூடியதற்குக் காரணம் இருந்தது. தாம்சனின் முதன்மை ஆட்டக்காரர் பாட்ரிக் யூயிங்; ஜமைக்காவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர். எதிரணி அரங்குகளில் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று அட்டைகளில் எழுதிக் காட்டினார்கள். அந்த யூயிங் 1985இல் பட்டம் பெற்றே வெளியேறினார். தாம்சனிடம் நான்கு ஆண்டுகள் ஆடிய 77 மாணவர்களில் 75 பேர் பட்டதாரிகள் ஆனார்கள். காற்றுப்போன கூடைப்பந்து ஒன்றைத் தம் அலுவலகத்தில் அவர் வைத்திருந்தார். பந்தில் காற்றுப் போய்விட்டால் உன்னிடம் என்ன மிச்சம் என்று மாணவரைக் கேட்பதற்காக. ஏழை மாணவர்களின் உபகாரச் சம்பளத்தைப் பாதிக்கும் விதி ஒன்றை எதிர்த்து, 1989 ஜனவரியில் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அரங்கைவிட்டே வெளியேறினார்.

1984இல் ஜார்ஜ்டவுன், ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தை 84-75 என்று வென்று வெற்றியாளரானது. அப்பட்டத்தை வென்ற முதல் கறுப்பினப் பயிற்றுநர் என்று தாம்சனிடம் செய்தியாளர்கள் பெருமையாகக் கேட்டபோது, அந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை. தமக்கு முன்னே திறமையுள்ளவர் எவரும் இல்லை என்பதுபோல் அது ஒலிக்கிறது. அவர்களுக்கு வாய்ப்புத்தான் இல்லை என்ற பொருளில் பதிலளித்தார்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு நடந்தது எங்களுக்கு இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது. 1982 இறுதியாட்டத்தில் வட கரோலினாவிடம் ஜார்ஜ்டவுன் 63-62 என்று ஒரே புள்ளியில் தோற்றது. கடைசி நொடிகளில் பிரெட் பிரவுன் என்ற மாணவர் பந்தைத் தவறுதலாக எதிரணிக்காரர் கையில் கொடுத்துவிட்டார். நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. தாம்சன் அவரைக் கடியவில்லை, கட்டி அணைத்துக்கொண்டார். பதாகை கட்டியவர்கள் தமக்குக் கொடுக்காததை, அதாவது தோற்றாலும் மனிதனாகவே இருக்கும் உரிமையை, அந்தப் பிள்ளைக்கு அவர் கொடுத்தார்.

1987 ஏப்ரலில் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் குழுவின் உயரதிகாரி ஆல் கம்பானிஸ், குழுவை நிர்வகிக்கத் தேவையான சில தகுதிகள் கறுப்பினத்தாரிடம் இல்லாமலிருக்கலாம் என்று தொலைக்காட்சியிலேயே சொன்னார். இரண்டு நாளில் பதவி போயிற்று. அவர் வாய்விட்டுச் சொன்னார்; பலர் சொல்லாமல் நினைத்தார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அமெரிக்க வரலாறு வேறு, நம் வரலாறு வேறு. இங்கே அடிமை வாணிகம் நடந்த நாட்டின் கதை இல்லை. ஆயினும் சிறுபான்மையினர் ஒருவர் நாட்டின் குழுவை நடத்தும்போது எழும் பேச்சில் ஒற்றுமை உண்டு. தேசியக் காற்பந்துக் குழுவை இங்கிலாந்தின் ஆலன் ஹாரிஸ், ஹங்கேரியின் பெர்தலான் பிச்கெய் போன்ற வெளிநாட்டார் நடத்தியிருக்கிறார்கள். 2007இல் பி. சத்தியநாதன் பொறுப்பேற்றார், அவ்வாண்டு மெர்டேக்கா கிண்ணத்தை வென்றார். 2009 ஜனவரியில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-5 என்று தோற்றபின் விலக நேர்ந்தது. அடுத்து வந்தவர் கே. ராஜகோபால். அவர் முன்னாள் தேசிய ஆட்டக்காரர், தமிழர்.

2009 டிசம்பர் 17இல் லாவோஸ் தலைநகர் வியஞ்சானில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில், ராஜகோபாலின் இளைஞர் குழு வியட்நாமை 1-0 என்று வென்றது. இருபது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தங்கம். மறு ஆண்டு சுசுகி கிண்ணப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5. பலர் அன்றே கைகழுவிவிட்டார்கள். ஆனால் அதே குழு அரையிறுதியில் வியட்நாமை விலக்கியது. டிசம்பர் 26இல் புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என்று வீழ்த்தியது. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும், மொத்தத்தில் 4-2 என்று கிண்ணத்தைக் கைப்பற்றியது. அந்த இரண்டு ஆட்டங்களில் சஃபீ சாலி மட்டும் மூன்று கோல் அடித்தார். மலேசியா அக்கிண்ணத்தை வென்றது அதுவே முதல் முறை. டிசம்பர் 31ஐப் பொது விடுமுறையாகப் பிரதமர் நஜிப் அறிவித்தார்.

அந்த விடுமுறை நாளில் தேநீர்க் கடைகளில் நம்மவர் பேசியதெல்லாம் ராஜகோபாலைப் பற்றித்தான். 'நம்ம ஆளு' என்று மார்தட்டினார்கள். தோட்டத்துத் திடலிலிருந்து ஆட்டக்காரர்தான் வருவார், நடத்துபவர் வரமாட்டார் என்று நினைத்திருந்த சமூகத்துக்கு அந்த மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் வெற்றியை இனத்தின் கணக்கில் வரவு வைத்தால், தோல்வியை அதே ஏட்டில் பற்று எழுத வேண்டிவரும். 2011 ஜூலையில் உலகக் கிண்ணத் தகுதியாட்டத்தில் சிங்கப்பூரிடம் மொத்தம் 4-6 என்று தோற்றோம். 2012இல் சுசுகி கிண்ண அரையிறுதியில் தாய்லாந்திடம் வீழ்ந்தோம். பின்னர் ராஜகோபாலின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. தோற்றவரை மாற்றுவது விளையாட்டில் இயல்பு. தற்காப்பு ஏன் தளர்ந்தது, நடுத்திடலில் ஏன் பந்து நிற்கவில்லை என்று கேட்டால் அது விமர்சனம். அவர் எவரைச் சேர்ந்தவர் என்று கேட்டால் அது வேறு.

நம் ஜொகூரில் இந்தச் சோதனை ஒரு வகையில் நடக்கவே இல்லை எனலாம். 1991இல் மாநிலக் குழு லீக் பட்டத்தையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒருசேர வென்றபோது பயிற்றுநர் ஆஸ்திரேலியாவின் மைக்கல் உருக்காலோ. 2014 முதல் லீக் பட்டத்தைத் தொடர்ந்து வென்றுவரும் ஜொகூர் டாருல் தாக்சிம் குழுவை குரோவேசியாவின் போஜான் ஹோடாக், அர்ஜென்டினாவின் மரியோ கோமஸ் போன்றோர் நடத்தினர். 2015இல் துஷான்பே நகரில் ஆசியக் காற்பந்துச் சம்மேளனக் கிண்ணத்தை அக்குழு வென்றபோது நம் எஸ். குணாளன் அதில் இருந்தார். குணாளனைத் தமிழர் என்று நாம் எண்ணிச் சொல்வோம். கோமஸ் எந்த இனம், எந்த மதம் என்று லார்க்கின் அரங்கில் எவரும் கேட்டதில்லை. தொலைவிலிருந்து வருபவருக்குக் கிடைக்கும் அந்தச் சலுகை பக்கத்து ஊர்க்காரருக்கு எளிதில் கிடைப்பதில்லை.

பயிற்றுநர் ஆவதற்கும் ஒரு படிப்பு உண்டு. ஆசியச் சம்மேளனத்தின் சி, பி, ஏ, அதற்குமேல் 'புரோ' என்று உரிமங்கள் படிப்படியாக இருக்கின்றன. அதோடு மூத்த பயிற்றுநர் ஒருவரின் பக்கத்தில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும். ராஜகோபாலின் பக்கத்தில் துணைப் பயிற்றுநராக அமர்ந்திருந்தவர்களில் ஒருவர், கெடாவைச் சேர்ந்த தான் செங் ஹோ. அவர் பின்னர் தாமே தேசியக் குழுவை ஏற்று, 2018இல் அதே கிண்ணத்தின் இறுதியாட்டம்வரை கொண்டு சென்று வியட்நாமிடம் தோற்றார். தாம்சன் 1999இல் விலகி, 2020 ஆகஸ்டில் காலமானார். அவருக்குப் பின் நோலன் ரிச்சர்ட்சன் 1994இலும், டபி ஸ்மித் 1998இலும், கெவின் ஓலி 2014இலும் அதே பட்டத்தை வென்ற கறுப்பினப் பயிற்றுநர்கள். படிக்கத் தெரியாதவர் என்று ஏளனம் செய்யப்பட்ட யூயிங், 2017இல் ஜார்ஜ்டவுனுக்கே பயிற்றுநராகத் திரும்பினார். குழு தொடர்ந்து தோற்றது. 2023 மார்ச்சில் அவரை நீக்கினார்கள். அவர் எத்தனை ஆட்டங்களில் தோற்றார் என்ற கணக்கைத்தான் அப்போது பத்திரிகைகள் எழுதின.